கோரைக்குளத்துத் தேர்தலும் திறக்காத வெப்சைட்டும்

ஒரு காட்டில் ஒரு குளமும் ஒரு செல்போனும் இருந்தன. காட்டுக்கதை என்றால் முதலில் சிங்கத்தைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. இருந்திருந்தாலும், டவர் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று என்பதால் அதுவும் வரிசையில்தான் நின்றிருக்கும்.

குளத்தின் பெயர் கோரைக்குளம். மலையடிவாரத்தில் கோடையிலும் வற்றாத ஒரே குளம் அதுதான். வற்றாது என்றேனே தவிர, தண்ணீர் இருக்கும் என்று சொல்லவில்லை. இருந்தது சேறு. எப்போதோ ஊரிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த எருமைக் கூட்டம் ஒன்று பங்குனி பிறந்தால் குளத்துக்குள் இறங்கும், ஆவணியில்தான் கரையேறும். நடுவில் புரளும். பன்னிரண்டு எருமைகள் ஐந்து மாதம் புரண்டால் ஒரு குளம் என்ன ஆகும்? கூழ் ஆகும். அதைத்தான் காடு முழுக்க குடித்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் பெரியவர் கஜேந்திரன். எருமைக்கு எதற்கு யானையின் பெயர் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்ட முயல் இப்போது அடுத்த காட்டில் இருக்கிறது. தொடர்ந்து மூன்று தேர்தலாக கஜேந்திரன்தான் குளத்துத் தலைவர். தலைவரின் கடமை குளத்தைப் பாதுகாப்பது. அவர் அதன்மேலேயே படுத்துப் பாதுகாத்தார்.

அந்தக் குளத்தின் கோரைப் புல்லுக்குள் வடிவாம்பாள் என்று ஒரு நீர்க்கோழி குடியிருந்தாள். கறுப்பு உடம்பு, சிவப்பு நெற்றி, கொஞ்சம் படபடப்பு. போன வருஷம் அவள் ஆறு முட்டையிட்டாள். அதற்கு முந்தின வருஷம் ஐந்து. பதினொன்றும் போயிற்று. முதல் முறை முட்டையிட்டபோதே அவள் கஜேந்திரனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கோரைக்குள்ள முட்டை கெடக்கு. கொஞ்சம் தள்ளிப் பொரளுங்களேன்."

"பாத்துக்கிடுவோம் தாயி" என்றார் கஜேந்திரன்.

பார்த்தார். முட்டையின் மேல் உட்கார்ந்தபடியே பார்த்தார்.

இந்த வருஷம் மாசியிலேயே தண்ணீர் வடிவாம்பாளின் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. நீர்க்கோழியின் முழங்கால் என்ன உயரம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தூர் வாரினால் ஒழிய இனி குளமும் இல்லை, கோரையும் இல்லை, முட்டையும் இல்லை. அவள் ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு தேர்தலில் நிற்கப் போனாள்.

தேர்தல் அதிகாரி ஒரு ஆமை. பெயர் ஆவுடையப்பன். விண்ணப்பத்தை வாங்கிப் பார்ப்பதற்கே அவருக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும்.

"கால்களின் எண்ணிக்கைங்கிற எடத்துல ரெண்டுன்னு போட்டிருக்கம்மா. படிவத்துல நாலுன்னு அச்சடிச்சே வந்திருக்கே" என்றார்.

"எனக்கு ரெண்டுதான ஐயா இருக்கு."

"இருக்கறது எனக்கும் தெரியுது. படிவத்துக்குத் தெரியணும்லா."

கடைசியில் இரண்டு இறக்கைகளையும் 'தற்காலிகக் கால்கள்' என்று எழுதி, மூன்று நகல் எடுத்து, வடிவாம்பாளை வேட்பாளராக ஏற்றுக்கொண்டார்கள். பிரச்சாரத்துக்கு இருபது நாள்.

இங்கே அந்தக் காட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே வாக்குறுதியைக் காதில்தான் சொல்வார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. வேட்பாளர் வளை வளையாக, கூடு கூடாகப் போய், வாக்காளரின் காதுக்குள் வாயை வைத்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வர வேண்டும். கேட்டவர் அதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது என்று ஒரு நம்பிக்கை. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ, அவன் நிச்சயமாக ஒரு வேட்பாளராகத்தான் இருந்திருப்பான்.

கஜேந்திரன் இதில் மன்னன். அவர் மூச்சே காதுக்கு ஒத்தடம் கொடுத்தமாதிரி இருக்கும். மானின் காதில் ஏதோ சொல்வார், மான் துள்ளும். சிறுத்தையின் காதில் ஏதோ சொல்வார், சிறுத்தை நாக்கைச் சப்புக்கொட்டும். கரடியின் காதில் சொன்னால் கரடி கண்ணீர் விடும். தேனீக்களின் கூட்டுக்குள்ளும் மூக்கை விட்டுச் சொல்வார். வீங்கிய மூக்கோடு சிரித்துக்கொண்டே திரும்புவார்.

வடிவாம்பாளும் போனாள். அவளிடம் இருந்ததோ ஒரே வாக்குறுதி. அதையே எல்லாக் காதிலும் சொன்னாள்.

"குளத்தத் தூர் வாரணும். எல்லாரும் வந்து தெனம் ஒரு கூடை மண்ணு சொமக்கணும்."

"நானா?" என்றது கரடி.

"எல்லாருந்தான்."

"நானுமா?"

"ஆமா, உங்களுக்குத் தண்ணி வேண்டாமா?"

"தண்ணி வேணும்" என்றது கரடி. "மண்ணு எதுக்கு?"

மான்கள் தங்கள் முதுகுப் புள்ளி அழிந்துவிடும் என்றன. சிறுத்தை, தான் சுமை தூக்கும் சாதி இல்லை என்றது. முயல் தனக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிக்கும் வேகத்தில் ஓடி மறைந்தது. பாம்பிடம் மட்டும் ஒரு பகல் முழுக்கப் போனது, காது எங்கே இருக்கிறது என்று தேடியதில். பத்து நாள் முடிந்தபோது வடிவாம்பாளுக்கு அவளுடைய ஓட்டு மட்டும் உறுதியாகியிருந்தது. அந்தப் பத்தாவது நாள்தான் அவள் முதல் முட்டையையும் இட்டாள். வெள்ளையில் பழுப்புப் புள்ளி. அதைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, எருமைகள் இருக்கிற திசையைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது செல்போன் வருகிறது. அருவியில் குளிக்க வந்த ஒருவர் பாறையில் வைத்துவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தாமோதரன் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். தாமோதரன் ஒரு குரங்கு. இரண்டு வருஷம் ஊர் பஸ் ஸ்டாண்டு கூரையில் தங்கி உலக அனுபவம் பெற்றவன். வனத்துறையின் சோலார் விளக்குக் கம்பத்தில் சார்ஜ் போடுகிற வித்தை காட்டிலேயே அவனுக்கு மட்டும்தான் தெரியும். குளத்துக்கு மேலே இருக்கிற வழுக்குப் பாறையின் உச்சியில் மட்டும், அதுவும் போனைக் கிழக்கே சாய்த்துப் பிடித்தால், டவர் ஒரு கோடு வரும்.

"எக்கா, இன்னுமா காதுல ஊதிட்டுத் திரியுதிய? உலகத்துல எல்லாரும் வெப்சைட் வச்சுத்தான் செயிக்கான்" என்றான் தாமோதரன்.

"அது என்னல?"

"நீங்க சொல்ல வேண்டியத ஒருக்கா எழுதிட்டாப் போதும். நீங்க தூங்குனாலும் அது சொல்லிட்டே இருக்கும். உங்களப் பாத்தா மூஞ்சியத் திருப்புதவன்கூட அதப் பாப்பான்."

கடைசி வாக்கியம் அவளைத் தைத்தது. தாமோதரனுக்குப் பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு: தாமோதரன்' என்று வந்தால் போதும் என்றான். கலைஞர்கள் அப்படித்தான்.

வடிவாம்பாள் சொன்னாள், அவன் பதித்தான். தூர் வார வேண்டிய காரணம், எந்த ஓரத்திலிருந்து தொடங்குவது, யார் எந்தக் கூடை, எத்தனை நாள், எல்லாம். நேர்மையான திட்டம், அதைவிடப் படிக்கச் சலிப்பானது எதுவும் இருக்க முடியாது. தாமோதரனுக்கே கொட்டாவி வந்தது. அதனால் கொஞ்சம் அலங்காரம் செய்தான். வடிவாம்பாள் நடக்கிற படம், திரும்புகிற படம், தலையைச் சொறிகிற படம் என்று முப்பத்தாறு படம். மேலே பூமாரி பொழிகிற மாதிரி ஒன்று. இரண்டு பக்கமும் விளக்கு மினுக்குகிற மாதிரி ஒன்று. உள்ளே நுழைந்ததும் நாதஸ்வரம். ஓரத்தில் ஒரு மயில் வந்து வணக்கம் சொல்லும். மயிலுக்குத் தனி நாதஸ்வரம்.

"தெறக்குமால?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

"அதெல்லாம் பறக்கும்" என்றான் தாமோதரன். பறந்தால் பிடிக்க முடியாதே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

செய்தி கஜேந்திரன் காதுக்கு எட்டியது. மூன்று முறை ஜெயித்தவருக்கு ஒரு வெப்சைட் இல்லையென்றால் கௌரவம் என்ன ஆவது? தாமோதரனைக் கூப்பிட்டு அனுப்பினார். தாமோதரன் நடுநிலையாளன். அவருக்கும் செய்து தர ஒப்புக்கொண்டான்.

"ஏல, நான் காதுல சொன்னத எல்லாம் இது ஒவ்வொருத்தன் காதுலயும் சொல்லுமா?" என்று கேட்டார் கஜேந்திரன்.

"எல்லாரு காதுலயும் சொல்லும் அண்ணாச்சி. ஒருத்தர் பாக்கி இருக்காது."

"அப்ப எழுதிக்கோ. எல்லாத்தையும் சொல்லுதேன். எனக்கும் அலைச்சல் மிச்சம்."

இந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் அழுதுகொள்கிறேன். சிரிப்பில் வருகிற அழுகைதான். அந்தப் பாவப்பட்ட எருமை, வெப்சைட்டும் தன்னைப் போலவே ஆளுக்கு ஆள் காதோரம் போய்த் தனித்தனியாகக் குசுகுசுக்கும் என்று நம்பிற்று. பன்னிரண்டு வருஷமாக ஊதிய வாக்குறுதிகளை ஒன்று விடாமல் ஒப்பித்தது. தாமோதரன் தலைப்புப் போட்டு வரிசையாக ஒரே பக்கத்தில் பதித்தான். படம் எதுவும் வேண்டாம், தன் முகத்தை எல்லோருக்கும் தெரியும் என்று கஜேந்திரன் சொல்லிவிட்டார்.

திறப்பு விழா வழுக்குப் பாறையில் நடந்தது. காடே வந்தது. ஒரு போன், ஒரு கோடு டவர், முந்நூறு வாக்காளர்கள். ஆவுடையப்பன் ஆளுக்கு ஒரு இலையில் நம்பர் போட்டு டோக்கன் கொடுத்தார். மான்கள் டோக்கனைத் தின்றுவிட்டு மறுபடி வரிசையில் நின்றன. மறுபடி கொடுத்தார். மறுபடி தின்றன. கடைசியில் மான்களுக்கு மட்டும் கல்லில் எழுதிக் கொடுத்தார்கள்.

விலங்குகளுக்குப் படிக்கத் தெரியுமா என்று இப்போது உங்களில் ஒருவர் கேட்பார். அவை பேசும்போது சும்மாதானே இருந்தீர்கள்? இப்போதும் இருங்கள்.

முதலில் 'கஜேந்திரன் டாட் காடு' திறந்தது. கண் இமைக்கிற நேரத்தில் பளிச்சென்று திறந்தது. கஜேந்திரன் மீசை இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டார்.

முதல் டோக்கன் மானுக்கு. மான் தன் பெயரைத் தேடிப் படித்தது. 'மான்களுக்கு: சிறுத்தையின் நகத்தை வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டிவிடுவோம்.' மான் துள்ளியது. துள்ளியதில் விரல்பட்டு — குளம்புதான், விரல் என்று சொன்னால் தப்பு — பக்கம் கொஞ்சம் மேலே நகர்ந்தது. அங்கே எழுதியிருந்தது: 'சிறுத்தைகளுக்கு: மான்கள் ஓடாமல் இருக்க மாலை வேளையில் வேலி போட்டுத் தருவோம்.'

மான் துள்ளுவதை நிறுத்தியது.

"என்ன வே போட்டிருக்கு?" என்று பின்னால் நின்ற சிறுத்தை எட்டிப் பார்த்தது. தன்னுடையதைப் படித்தது. பிறகு மானுடையதையும் படித்தது. தன் நகத்தைப் பார்த்துக்கொண்டது.

அடுத்து கரடி. 'கரடிகளுக்கு: தேன்கூடு தோறும் கதவு.' அதன் கீழே, 'தேனீக்களுக்கு: கரடி மூக்குக்கு மூடி.' முயலுக்கு, பாம்பு வளைக்குள் வராமல் இருக்க வாசலில் கல். பாம்புக்கு, முயல் வளைகளின் முகவரிப் பட்டியல். எலிக்கு, ஆந்தையின் கண்ணுக்குக் கட்டு. ஆந்தைக்கு எலி வளர்ப்புத் திட்டம். பன்னிரண்டு வருஷத்து ரகசியமெல்லாம் ஒன்றின் தோள்மேல் ஒன்று கைபோட்டுக்கொண்டு நின்றது. போனைப் பிடித்திருந்த தாமோதரன் நைசாக மரத்தில் ஏறிக்கொண்டான்.

"அண்ணாச்சி, எம் மூக்குக்கு மூடியா?" என்றது கரடி. அதன் குரல் உடைந்திருந்தது. "நான் உங்களத் தகப்பன் ஸ்தானத்துல வச்சிருந்தேனே!"

"அது... அது தேனீக்குச் சொன்னது. நீ ஏன் படிச்ச?" என்றார் கஜேந்திரன். அவருக்கு உண்மையிலேயே கோபம். "அடுத்தவன் காதுக்குள்ள எட்டிப் பாக்குதியளே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

அமளியில் இரண்டு பன்றிகள் பாறையிலிருந்து வழுக்கிக் குளத்தில் விழுந்தன. சேறு என்பதால் அடிபடவில்லை.

எல்லாம் கொஞ்சம் அடங்கியதும் ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்து, அடுத்த வேட்பாளரின் வெப்சைட் என்று அறிவித்தார். தாமோதரன் இறங்கிவந்து அழுத்தினான். திரையில் 'வடிவாம்பாள்' என்று பெயர் வந்தது. அதன் கீழே ஒரு சின்ன வட்டம் வந்தது. வட்டம் சுற்றியது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

வட்டம் சுற்றியது.

மயிலும் பூமாரியும் இரண்டு நாதஸ்வரங்களும் அந்த ஒரு கோடு டவருக்குள் புக முடியாமல் எங்கோ ஆகாயத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. கீழே சிறுத்தை சொன்னது, "சுத்துது வே."

"ஆமா. அமைதியாச் சுத்துது" என்றது மான். கோபமாக இருந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன.

கரடிக்கு அந்த வட்டம் தேன்கூட்டின் வாசல் மாதிரித் தெரிந்தது. எலிக்கு வளை மாதிரி. தேனீக்களுக்குப் பூ. மான்குட்டி ஒன்று பார்த்தபடியே தூங்கிப்போயிற்று. இத்தனை வருஷத்தில் ஒரு வேட்பாளர் தங்களை இவ்வளவு நேரம் தொந்தரவு செய்யாமல் இருந்ததே இல்லை என்பது எல்லோருக்கும் மெல்ல மெல்ல உறைத்தது.

வடிவாம்பாளுக்குத்தான் உயிர் போயிற்று. அவள் பாறையில் அங்குமிங்கும் ஓடினாள்.

"ஐயா, அது தெறக்காட்டா என்ன, நானே சொல்லுதேன்! அதுல என்ன எழுதியிருக்குன்னா, தூர் வாரி—"

"சும்மா இருங்கக்கா" என்றது கரடி. "தெறக்கட்டும்."

"நான்தான வேட்பாளர்! நான் சொல்லுதேன், எல்லாரும் ஒரு கூடை—"

"எக்கா, படிக்கப்போறவங்கள மறிக்காதிய" என்று முயல்கூட அதட்டியது.

கஜேந்திரன் இதுதான் சமயம் என்று முன்னால் வந்தார். "யோசிச்சுப் பாருங்க மக்கா! அதுல ஒண்ணுமே இல்ல! வெறும் வட்டம்!"

சிறுத்தை நிதானமாகத் திரும்பிப் பார்த்தது. "ஒண்ணுமே இல்லன்னா, என் நகத்தப் பத்தியும் ஒண்ணும் இல்லல்லா?"

அதற்குமேல் பிரச்சாரம் தேவைப்படவில்லை. மீதி நாட்களில் வரிசை குறையவே இல்லை. பார்த்தவர்களே மறுபடி டோக்கன் வாங்கிப் பார்த்தார்கள். நேற்றைவிட இன்று கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது என்றார்கள். உள்ளே பெரிய விஷயம் இருப்பதால்தான் திறக்க நேரமாகிறது என்று ஆந்தை ஆராய்ந்து சொன்னது. அறிஞர்கள் சொன்னால் மறுப்பேது?

ஓட்டு அங்கே காலடியில் போடுவார்கள். குளக்கரையில் இரண்டு ஈரத் திட்டு. பிடித்தவருடைய திட்டில் கால் பதித்துவிட்டுப் போக வேண்டும். கஜேந்திரனின் திட்டில் பன்னிரண்டு எருமைகளின் குளம்படி மட்டும் இருந்தது. அதிலும் ஒன்று பாதியில் திரும்பிப் போன மாதிரி இருந்தது. வடிவாம்பாளின் திட்டில் தரையே தெரியவில்லை. மரவட்டைக்கு ஒரு ஓட்டுத்தான், கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு இல்லை என்று தீர்ப்பு எழுத ஆவுடையப்பனுக்கு இரண்டு நாள் ஆனது. எப்படி எண்ணினாலும் வடிவாம்பாள்தான்.

நல்ல கதை என்றால் இங்கே முடிய வேண்டும். ஆனால் கோரைக்குள் இப்போது ஐந்து முட்டைகள் இருந்தன, தோற்றுப்போன எருமைகள் குளத்துக்குள்ளேயேதான் படுத்திருந்தன, தண்ணீர் வடிவாம்பாளின் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது.

பதவியேற்ற கையோடு அவள் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"நாளைக்குத் தூர் வாருதோம். ஆளுக்கு ஒரு கூடை மண்ணு."

கூட்டம் அவளையே பார்த்தது. பிறகு ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டது.

"இது வெப்சைட்டுல இருந்துச்சா?" என்றது கரடி.

"இருந்துச்சு! மொத வரியே அதுதான்!"

"தெறக்கலியே."

"தெறக்கலன்னா இல்லன்னு ஆயிருமா?"

"தெறக்கட்டும்க்கா. தெறந்ததும் படிச்சிட்டு மொத ஆளா நான் வாரேன்" என்று கரடி மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனது. எல்லோரும் மரியாதையாகத்தான் போனார்கள். நேராக வழுக்குப் பாறைக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

வடிவாம்பாள் தாமோதரனைப் பிடித்து உலுக்கினாள். தாமோதரன் தலையைச் சொறிந்தான்.

"மயிலயும் பூவயும் எடுத்துட்டா நொடியில தெறந்துரும்க்கா. எடுக்கட்டா?"

எடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது கஜேந்திரனின் திட்டில் இருந்த பன்னிரண்டு குளம்படிகள் அவள் கண்ணில் பட்டன. அவருடையது நொடியில் திறந்தது. திறந்ததனால்தான் அவர் போனார். இவளுடையது திறந்தால் முதல் வரியிலேயே 'ஒரு கூடை மண்' என்று இருக்கும். கரடி படிக்கும், முயல் படிக்கும், நாளைக்கே அவளையும் இறக்கிவிடுவார்கள். அப்புறம் யார் வருவார்? அந்த எருமைதான் வரும். வந்து உட்காரும். எங்கே உட்காரும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறந்ததிலிருந்து வடிவாம்பாள் பொய் சொன்னதில்லை. அது ஒழுக்கத்தால் அல்ல, அவளுக்கு வராது. சொல்ல ஆரம்பித்தாலே கழுத்து முன்னும் பின்னும் ஆடும். அவள் கழுத்தை விறைத்துக்கொண்டு வழுக்குப் பாறை உச்சிக்கு ஏறினாள்.

"மக்களே, வெப்சைட் ஏன் தெறக்க மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சாச்சு."

முந்நூறு தலைகள் திரும்பின.

"கொளத்துச் சேறுதான் காரணம். மேல வார டவரை அது கீழ உறிஞ்சிருது."

தாமோதரன் மரத்தில் பிடியை நழுவவிட்டு ஒரு கிளை கீழே வந்து தொங்கினான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அவளைப் பார்த்தான். அவள் கழுத்து ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றான் தாமோதரன். "சேறு டவரத் திங்கும். பஸ் ஸ்டாண்டுல இதப் பத்திப் பேசிக்கிட்டாங்க."

"இத மொதல்லயே சொல்ல வேண்டாமாக்கா!" என்று கரடி கத்தியது. கத்திக்கொண்டே குளத்தை நோக்கி ஓடியது.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்த்த மாதிரி சொல்கிறேன், தாளமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்றிகள் மூக்கால் உழுதன. கரடி கட்டிகட்டியாகப் பெயர்த்து எறிந்தது. மான்கள் புள்ளியாவது ஒன்றாவது என்று முதுகில் சுமந்தன. சுமை தூக்கும் சாதி இல்லாத சிறுத்தை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. முயலின் இடுப்பு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை, அது இரண்டு முயல்களின் வேலையைச் செய்தது. பாம்பு உடம்பை வளைத்துச் சும்மாடாகக் கொடுத்தது. எருமைகளைத்தான் முதலில் எழுப்ப வேண்டியிருந்தது. யாரும் கிட்டப் போய் எழுப்பவில்லை. "எந்திரிங்க வே, டவர மறைக்கிய!" என்று காடே ஒரு சத்தம் போட்டது. பன்னிரண்டும் எழுந்து நின்றன. கஜேந்திரன் சற்று யோசித்தார். அந்த வட்டத்துக்குள் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ என்று அவருக்கும் தூக்கம் இல்லாமல்தான் இருந்தது. கொம்பால் சேற்றை முட்டித் தள்ள ஆரம்பித்தார். எருமை வேலை செய்தால் எருமை மாதிரிதான் செய்யும். ஒன்பது நாள் வேலை ஐந்து நாளில் முடிந்தது.

ஆறாவது நாள் காலை குளத்தின் நடுவில் கரடி தோண்டிய குழியிலிருந்து குபுக்கென்று ஒரு சத்தம் வந்தது. அடைபட்டுக் கிடந்த ஊற்று. கண்ணாடி மாதிரித் தண்ணீர் பொங்கி, கரடியின் முழங்காலைத் தொட்டு, வயிற்றைத் தொட்டு, கோரையின் வேரைத் தொட்டுக்கொண்டு ஏறியது. அந்தச் சனிக்கிழமை ஐந்து முட்டைகளும் பொரித்தன. கறுப்புப் பஞ்சு உருண்டைகள் ஐந்து, வெளியே வந்ததும் நேரே தண்ணீரில் குதித்தன. வடிவாம்பாள் அதைப் பார்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். தன் பொய்யை நினைத்து வெட்கமாக இருக்கிறதா என்று நெஞ்சுக்குள் தேடிப்பார்த்தாள். இருந்தது. ஆனால் குஞ்சுகள் முங்கி முங்கி எழும்போது அது அவ்வளவாகத் தெரியவில்லை.

கரையில் முந்நூறு பேரும் சேறு காய்ந்த முதுகோடு வரிசையில் நின்றிருந்தார்கள். வரிசையின் ஒரு முனை குளத்தில், மறுமுனை வழுக்குப் பாறை உச்சியில். நிற்கிற நேரத்தில் ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். கரடி வயிறு முட்டக் குடித்து, ஏப்பம் விட்டு, பாறைக்கு ஏறி, போனை எட்டிப் பார்த்தது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கிவந்தது.

"என்ன அண்ணாச்சி, தண்ணி எப்படி இருக்கு?" என்று வடிவாம்பாள் கேட்டாள்.

"தண்ணி கெடக்கட்டும்" என்றது கரடி. "ஒரு வெப்சைட்டத் தெறந்துவைக்கத் துப்பில்ல. என்ன ஆட்சி நடத்துத நீ?"

வரிசை முழுக்க ஆமாம் போட்டது. கஜேந்திரன் எல்லோரையும்விடச் சத்தமாகப் போட்டார். வடிவாம்பாள் தன் ஐந்து குஞ்சுகளையும், குளத்துக்கு மேலே மலையிலிருந்து வரும், முட்புதர் மண்டி அடைந்துகிடக்கிற வரத்துக் கால்வாயையும் பார்த்தாள். ஆவணி மழை வந்தால் அது வழியாகத்தான் தண்ணீர் இறங்க வேண்டும். இந்த முறை அவள் கழுத்து கொஞ்சமும் ஆடவில்லை.

"சேறு போயிட்டு மக்களே, அரைக் கோடு டவர் கூடியிருக்கு. பாக்கி அரைக் கோடும் அந்தக் கால்வாய் முள்ளுல மாட்டிக்கிட்டுக் கெடக்கு" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் கரடி பாதி மலை ஏறியிருந்தது.

நீதி: தாகத்துக்காக ஒரு கூடை மண் அள்ளாதவர்கள் டவருக்காகக் குளத்தையே வெட்டுவார்கள். ஆகவே வேட்பாளர்களே, வெப்சைட் கட்டாயம் வேண்டும். அதைத் திறக்க விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லாட்சி.